வெயில் ஏறாத காலை

காலை ஆறு இருபதுக்கு என் மகள் என்னை “சார்” என்று கூப்பிட்டாள்.

திருவேட்டக்குடிக்குப் போகும் சாலையில், கடற்கரைக்குச் சற்று முன்னால் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல ஸ்கூட்டரில் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். காலடியில் தண்ணீர்க் கேன், முன்கொக்கியில் ஈரத்துண்டு வைத்த பை. மே மாதக் கடைசி. வானம் மூடிக் கிடந்தது, வெயில் ஒரு கீற்றுகூட இல்லை. காற்றும் இல்லை. கடல் இவ்வளவு அருகில் இருந்தும் ஒரு தென்னங்கீற்று அசையவில்லை. தண்ணீர் கொடுக்கும் இடம் வந்ததும் வண்டியை ஒட்டிக் கொண்டுபோய் பாட்டிலை நீட்டினேன். வாங்கினாள். குடிக்காமல் அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “சார், என் செருப்பப் பாத்தீங்களா?” என்றாள்.

நான் சிரித்தேன். ரிஸ்வானா என்னைக் கேலி செய்யாமல் ஒரு நாளும் ஓடியதில்லை. “பின்னாடியே வண்டில வர்றீங்களே வாப்பா, ரேக்ளா மாடு மாதிரி இருக்கு எனக்கு. சாட்டை ஒண்ணுதான் பாக்கி” என்பாள். இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்று நினைத்து, “ஷூ போட்டுருக்கீங்க மேடம்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு சாலையை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அங்கே வழியே கிடையாது. இடது கால் மணலில் இழுபட்டது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். உடம்பு முழுவதும் நனைந்திருந்தது. நனைந்த உடம்பு குளிர்ந்து இருக்க வேண்டும். அவள் கை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் பக்கவாட்டைத் தொட்டதுபோல் இருந்தது.

அந்தச் சூடு எனக்குத் தெரியும். அந்த “சார்” கூட எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எங்கள் ஊரில் சேஃப்டி டிப்ளமா முடித்துவிட்டு வளைகுடாவுக்குக் கிளம்பும் பையன்கள் என்னைப் பார்க்க வருவதுண்டு. கையில் கட்டிக்கொண்டால் உடம்புச் சூட்டைச் சொல்லும் பட்டை இப்போது வந்துவிட்டதாம். தொழிலாளி விழும் முன்பே ஆபீசில் மணி அடிக்குமாம். “அப்புறம் நமக்கு அங்க என்ன வேலைங்க?” என்று ஒருவன் கேட்டான். அவர்களுக்காக என் வேலைக்கால அனுபவத்தை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். எல்லாம் தெரிந்தவன் நிதானமாகச் சொல்வதுபோல் எழுதப்பட்ட பக்கங்கள் அவை. மே மாதத்துக்குப் பிறகு அவற்றைத் தொடர என்னால் முடியவில்லை. வேறு மாதிரிதான் எழுத வருகிறது.

காரைக்காலில் பட்டப்படிப்பு முடித்து, மாமா எடுத்துக் கொடுத்த விசாவில் மஸ்கட்டுக்கு டைம்கீப்பராகப் போனேன். கட்டுமானக் கம்பெனி. தொழிலாளிகள் வரும் நேரம், போகும் நேரம் எழுதுவது வேலை. பிறகு கம்பெனியே பரீட்சை எழுதவைத்து சேஃப்டி பிரிவுக்கு மாற்றியது. என் படிப்புக் காலம் அவ்வளவுதான். மீதியை ஹாதிமிடம் கற்றுக்கொண்டேன்.

ஹாதிம் சூடான் நாட்டுக்காரர், எங்கள் சேஃப்டி மேனேஜர். நெட்டையான ஆள். மெதுவாகப் பேசுவார், யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கேட்டில் நின்று, வரும் ஒவ்வொருவனுக்கும் கை கொடுப்பார். சும்மா தொட்டுவிட்டு விடுவதில்லை. வலது கையால் கையைப் பற்றி, இடது கையை அவன் முழங்கைக்கு மேல் வைத்து, “வீட்டில் சௌக்கியமா, ஊரில் மழையா” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் விசாரிப்பார். நம் ஊர்ப் பையன்கள் வரிசையில் நின்றபடியே, “இந்த ஆளு எலெக்‌ஷன்ல நிக்கப் போறாருடா” என்று சிரிப்பார்கள். நானும் அவர் மரியாதைக்காரர் என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் நேபாளி ஒருவனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, என்னிடம் திரும்பி, அவனை ஸ்டோருக்கு அனுப்பச் சொன்னார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து போல்ட்டு நட்டு பிரிக்கும் வேலை. சம்பளம் குறையாது. அவன் போன பிறகு விளக்கினார். “காய்ச்சலா என்று கேட்காதே. ஆமாம் என்றால் அன்றைய கூலி போய்விடும் என்று அவனுக்குப் பயம். இல்லை என்றுதான் சொல்வான். நீ பாதுகாப்பு அதிகாரி, அதனால் உன்னிடம்தான் முதலில் மறைப்பான்.”

அவருக்கு வெயிலைக் கண்டு பயம் இல்லை. வெயிலுக்கு நிழல் உண்டு, வேலை நேரத்தை மாற்றலாம் என்பார். காற்று நின்ற நாள்தான் பயம். மஸ்கட்டில் கோடையில் கடலிலிருந்து வரும் புழுக்கம் நம் காரைக்கால் புழுக்கத்துக்கு அண்ணன். சாரத்துக் குழாயில் ஒரு துணியை நனைத்துத் தொங்கவிடுவார். தேநீர் இடைவேளைக்குள் அது காயவில்லை என்றால், மனிதன் மேல் இருக்கும் வியர்வையும் காயாது, வேலையைக் குறை என்று சொல்லிவிடுவார். அளவுக் கருவிகள் எங்களிடம் இருந்தன. ஆனால் மேஸ்திரிகள் கருவியை நம்பமாட்டார்கள், துணியை நம்புவார்கள். புதிதாக ஊரிலிருந்து வந்தவனுக்கு முதல் வாரம் பாதி வேலைதான் கொடுப்பார். லீவில் போய்த் திரும்பியவனுக்கும் அதே விதி. வெயிலுக்குப் பழகிய உடம்பு ஒரு மாத லீவில் அந்தப் பழக்கத்தை மறந்துவிடும்.

பிறகு தார்பாய் ஒத்திகை. இதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். ஒருவன் சூட்டில் விழுந்துவிட்டதாகப் பாவனை. அவனைத் தார்பாயில் கிடத்த வேண்டும். ஆட்கள் நாலு பக்கமும் தூக்கிப் பிடித்துத் தொட்டில்போல் ஆக்க வேண்டும். அதில் ஐஸும் தண்ணீரும் கொட்டி, கழுத்துவரை மூழ்கும்படி, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி ஆட்ட வேண்டும். ஒருவன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருப்பான். விழுந்தவனிடம் அவன் பேரைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் இவன் வேலை. இன்னொருவன் ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தாலும் ஆள் தெளியாமல் எடுக்கக் கூடாது. முதலில் குளிர வை, பிறகு கொண்டு போ. ஐஸில் கிடப்பவன் கத்துவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது விளையாட்டுபோல் இருக்கும்.

செல்வராசு விழுந்த அன்று அந்த ஒத்திகையைச் செய்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

செல்வராசு வரிச்சிக்குடிக்காரர், கம்பி கட்டும் வேலை. விரல்கள் அவ்வளவு வேகம். பேசிக்கொண்டே கட்டுவார், கையைப் பார்க்கவே மாட்டார். என்னை எங்கே கண்டாலும் “நம்மூரு பாய்!” என்று சாரத்தின் மேலிருந்தே சத்தம் கொடுப்பார். ஒரு ஆகஸ்டு மாதம் ஹாதிம் ஊருக்குப் போயிருந்தார். செல்வராசுவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். காலை ஷிஃப்டில் வந்தால் கேட்டில் கையைப் பிடிப்போம், ஸ்டோருக்கு அனுப்பிவிடுவோம். அவர் எண்ணியது அன்றைய சம்பளத்தை அல்ல. அந்த மாதம் கூடுதல் நேர வேலைக்கு அவர் பெயர் இருந்தது, அது போய்விடும். அதனால் இன்னொருவரிடம் சொல்லி மாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார். மாலையில் வெயில் இல்லை என்று அந்த ஷிஃப்டுக்கு நாங்கள் யாரும் கை கொடுப்பதில்லை. இது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தி நேர மக்ரிபு தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகவில்லை. சைட்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடலோரம் என்பதால் எல்லாமே பிசுபிசு என்று இருந்தது. செல்வராசு கட்டிய கம்பியையே அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்ததாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார். பிறகு உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். சூரியன் இல்லாத நேரத்தில் வெப்பத் தாக்கு வரும் என்று மேஸ்திரிக்குத் தோன்றவில்லை. சர்க்கரை குறைந்திருக்கும் என்று வாயில் ஜூஸ் ஊற்றினார். பிக்கப் வண்டியில் ஏற்றி, ஏசியை முழுதாக வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஐஸ் பெட்டி கேன்டீன் வாசலில்தான் இருந்தது. நான் அடுத்த கட்டடத்திலிருந்து ஓடிவரும்போது பிக்கப்பின் பின்விளக்கு தெரிந்தது.

அடுத்த நாள் ஹாதிம் ஊரிலிருந்து போன் செய்தார். நான் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். எங்கே வைத்துக் குளிர வைத்தீர்கள்? வண்டியில் ஏசி இருந்தது என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்து “ஹலோ, ஹலோ” என்றேன். “கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றார்.

செல்வராசு பிழைத்தார். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வெளியே வந்தார். படகில் நடப்பவர்போல் நடந்தார். வார்த்தைகள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்துப் பார்த்தேன். விரல் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பக்கத்தில் போய் நின்றது. அவரை ஊருக்குக் கூட்டிவரும் பொறுப்பு எனக்கு. விமானத்தில் பக்கத்து இருக்கை. சாப்பாட்டு மூடியைத் திறந்துகொடுத்தபோது, மிகவும் மரியாதையாக, “சார், நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார்.

பையன்கள் “நீங்க பார்த்ததிலேயே மோசமான கேஸ் எதுங்க?” என்று கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிவந்தேன்.

கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, ஓய்வு வயதுக்கு முன்னாலேயே கணக்கை முடித்துக்கொண்டு காரைக்காலுக்கு வந்துவிட்டேன். மகள் அதற்குள் கல்லூரியில் நெடுந்தூர ஓட்டக்காரி ஆகியிருந்தாள். நான் பார்க்காமலேயே வளர்ந்த விஷயம் அது. எட்டாம் வகுப்பில் பள்ளி விளையாட்டு விழாவில் முதலில் வந்தது, அவள் உம்மா நஜ்மா தினமும் விடியற்காலையில் எழுந்து அவளை அனுப்பிவைத்தது எல்லாம் எனக்கு வாட்சப்பில் வந்த செய்திகள்தான். கல்லூரி திறந்ததும் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. “கோடை முழுக்க நிறுத்தினா எல்லாம் போயிரும் வாப்பா. ஜூன்ல முதல்லேந்து ஆரம்பிக்கணும்” என்றாள். பயிற்சியாளர் வெளியூரில் இருந்து போனில் அட்டவணை அனுப்புவார். அதில் தூரமும் வேகமும் இருக்கும். காரைக்காலின் புழுக்கம் இருக்காது.

அதனால் நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். ஏப்ரல் தொடக்கத்தில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, உடம்பு பழகப் பழகக் கூட்டினேன். கடிகாரத்தைப் பார்த்து ஓடக் கூடாது, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும். தாகம் எடுக்கும் முன் தண்ணீர், உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு. விடியற்காலை சுபுஹ் தொழுததும் கிளம்ப வேண்டும். மொட்டைமாடிக் கொடியில் ஈரத்துணி போட்டிருப்பேன், அது காயாத நாளில் வேகப் பயிற்சி கிடையாது. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு எதுவானாலும் ஓட்டம் கிடையாது. சரியான பிறகும் ஒரு வாரம் கிடையாது.

ஏப்ரலில் அவள் ஒரு நாள் இரண்டு தும்மல் போட்டாள். நான் அந்த வாரத்தையே ரத்து செய்தேன். அவள் அழுதாள். நஜ்மா சண்டைக்கு வந்தாள்.

“தும்முனதுக்கு ஒரு வாரமா? அப்ப இருமினா வருஷத்துக்கு வீட்லயே உக்கார வைப்பீங்களோ?”

“நான் பாத்தவன் நஜ்மா.”

“நீங்க கம்பெனிய விட்டுட்டு வரல. கம்பெனியத் தூக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க. இங்க நாங்க ரெண்டு பேருதான் லேபர்.”

ரிஸ்வானா அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். “ஸ்டிரைக் பண்ணுவோமா உம்மா?” என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு வாரம் என்றால் ஒரு வாரம்தான்.

மே மாதம் அந்த நாள் காலையில் மாடித் துணி முந்தின நாள் நனைத்தபடியே ஈரமாக இருந்தது. தூரத்தைக் குறைக்கச் சொன்னேன். “மெதுவாத்தானே ஓடப்போறேன், தூரத்த விடுங்க வாப்பா” என்றாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஜம்முன்னு இருக்கு” என்றாள். வரிச்சிக்குடி தாண்டும்வரை நன்றாகத்தான் ஓடினாள். பேச்சு மட்டும் குறைவாக இருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்.

இனி சவுக்குத் தோப்பு ஓரத்துக்கு வருகிறேன்.

நான் கையைப் பிடித்ததும் அவள் மணலில் உட்கார்ந்தாள், பிறகு அப்படியே சாய்ந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கேனில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவள் மேல் ஊற்றினேன். போதவே போதாது என்று ஊற்றும்போதே தெரிந்தது. சாலையில் மீன் எடுக்கப் போன ஒரு லோடு ஆட்டோவை மறித்தேன். ஓட்டிவந்தவர் “ஆஸ்பத்திரிக்குத்தானே பாய், ஏத்துங்க” என்றார். “இல்ல, கரைக்கு. ஐஸ் இருக்கற எடத்துக்கு” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். ஆனால் திருப்பினார். பின்தொட்டியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு 108-க்குப் போன் செய்தேன். எந்த இடம் என்று கேட்டார்கள். ஊர்ப் பெயர் எனக்கு உடனே வரவில்லை. ஆயிரம் தடவை சொன்ன பெயர். டிரைவர்தான் “திருவேட்டக்குடி, மீன் எறங்குற கரைன்னு சொல்லுங்க” என்று கத்தினார்.

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன, ஃபைபர் படகுகள் மட்டும்தான் போய்வந்தன. கரையில் ஐஸ் இருக்குமோ இருக்காதோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் மீன் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏலம் போட நீலத் தார்பாய் விரித்திருந்தார்கள்.

நான் ஆட்டோவிலிருந்து குதித்து, அவளைத் தூக்கி மணலில் கிடத்திவிட்டு, “பானி! பரஃப் லாவ்! ஜல்தி, ஜல்தி!” என்று கத்தினேன். யாருக்கும் புரியவில்லை. நான் இந்தியில் கத்திக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரியவில்லை. வேலை செய்த இடத்தில் ஆபத்து என்றால் வாய்க்கு வந்து பழகிய பேச்சு அதுதான். “என்னா சொல்றாரு இந்த பாய்?” என்று ஒருத்தி கேட்டதும்தான் தமிழ் வந்தது.

“ஐஸ்! இருக்கற ஐஸ் எல்லாத்தையும் இந்தத் தார்பாயில கொட்டுங்க! கடல் தண்ணியும் கொண்டாங்க! எம்பொண்ணு, சூட்டுல விழுந்துட்டா!”

“சூடா? வெயிலே வல்லியே பாய்” என்றார் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். குனிந்து பார்த்தவர், “வலிப்பா இருக்கும். கையில இரும்பக் குடுங்க” என்று தன் பைக் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். விரல் பிடிக்கவில்லை, சாவி மணலில் விழுந்தது. இன்னொருவர் சோடா வாங்கிவர ஓடினார்.

பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயர் கலாவதி என்று பின்னால் தெரிந்தது. அவள் பெட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டாள். “வேர்த்த ஒடம்பு பாய். இந்த ஒடம்புல ஐஸக் கொட்டுனா ஜன்னி கண்டுரும். பெத்த புள்ளய நீங்களே கொன்னுடாதீங்க.”

அவள் சொன்னதில் ஒரு பொல்லாப்பும் இல்லை. ஓடி ஆடி வேர்த்து வந்தால் வேர்வை அடங்கும்வரை குளிக்கவிடமாட்டார்கள் நம் வீடுகளில். என் உம்மாவும் அப்படித்தான் வளர்த்தார்கள். அவளுக்கு விளக்க எனக்கு நேரம் இல்லை, வார்த்தையும் இல்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து ரிஸ்வானாவின் கழுத்தில் வைத்தேன்.

கலாவதி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். “ஆத்தாடி, கொதிக்குதே” என்றாள். அவ்வளவுதான். பெட்டியைக் காலால் கவிழ்த்தாள். சங்கராவும் கிழங்கானும் மணலில் சரிந்தன. “ஏய், எல்லாரும் கவுருங்கடி! மீனு போனாப் போவுது!” என்றாள். பெண்கள் முதுகைக் காட்டிச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஷூவையும் சாக்ஸையும் நான் கழற்றினேன். தலைத்துணியில் கை வைக்கத் தயங்கினேன். கலாவதி என்னைத் தள்ளிவிட்டு அதை அவிழ்த்தாள், மேலே போட்டிருந்த முழுக்கைச் சட்டையையும் கழற்றினாள். அவளைத் தார்பாயில் கிடத்தி, படகு ஆட்களை விளிம்பைப் பிடிக்கச் சொன்னேன். வலை இழுத்துப் பழகிய கைகள், சொன்னதும் ஒரே சீராகத் தூக்கிப் பிடித்தார்கள். ஐஸ், மேலே உப்புத் தண்ணீர், மறுபடி ஐஸ். மீன் செதில்கள் அவள் முகத்தில் ஒட்டின. “ஆட்டுங்க, நிறுத்தாதீங்க, ஆட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தலையை நான் பிடித்திருந்தேன்.

“உன் பேர் என்னம்மா?”

அவள் கன்னத்தைத் தட்டினேன்.

“பேர் சொல்லு. உன் பேரு.”

“ஹால் டிக்கெட்...” என்றாள். பிறகு வாய் குழறி ஏதோ சொன்னாள். என் முகத்தை ஒரு அன்னியனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவள் செத்துப்போய்விடுவாள் என்ற பயம் அந்த நேரத்தில் எனக்கு இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அவள் பிழைப்பாள் என்று எனக்குத் தோன்றியது. பிழைத்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என்னை எந்த ஊர் என்று கேட்பாள். அந்தப் பயம்தான். யா அல்லாஹ், என்னைத் தெரியட்டும் இவளுக்கு, என்னைத் தெரியட்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் ஆட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கைக்கடிகாரம் கட்டியிருந்தேன், பார்க்கத் தோன்றவில்லை. ஒரு கட்டத்தில் அவள் பற்கள் கடகடவென்று அடித்தன. உடம்பு உதறியது.

“பேரு என்னம்மா?”

“ரிஸ்வானா.”

“நான் யாரு?”

கண் என் முகத்தில் வந்து நின்றது. “வாப்பா” என்றாள். “குளிருது வாப்பா. நாறுது.”

கலாவதி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “குளிருதுன்னு சொல்லுது பாருங்க! ஜன்னி வந்துரும்னு அப்பவே சொன்னனா இல்லையா? தூக்குங்க வெளியில!” என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் தூக்கலாம் என்றேன். யாரோ கைலி கொடுத்தார்கள், யாரோ சேலை கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் அப்போதுதான் மணலில் இறங்க முடியாமல் சாலை ஓரமாக வந்து நின்றது.

இதை எழுதும்போது ரிஸ்வானா உள் அறையில் தூங்குகிறாள். நடை சரியாக இருக்கிறது, பேச்சு சரியாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு மறுபடியும் போக வேண்டும். ஓட்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் எழுந்து எழுந்து போய் அவள் மூச்சைக் கேட்கிறேன். நேற்று விழித்திருந்தவள், “என் பேரு ரிஸ்வானா, நீங்க வாப்பா, போய்ப் படுங்க” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் அம்மா. ஊசி போட்டு, குழாய் மாட்டி, நாடி பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். ஐஸில் வைத்தது நல்லது என்றார். பிறகு கேட்டார். “இந்த ரெண்டு மூணு நாள்ல பொண்ணுக்குக் காய்ச்சல் ஏதாவது இருந்துச்சா? சளிக்கு, தூக்கத்துக்கு மாத்திரை எதாச்சும்?”

“இல்ல டாக்டர்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில சளி மாத்திரை உடம்புச் சூட்ட வெளிய போகவிடாது. உள்ள காய்ச்சலும் இருந்தா சூடு தாங்காது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும் டாக்டர். என் வேலையே அதுதான். உடம்பு சரியில்லன்னா நான் ஓட விடவே மாட்டேன். எங்க வீட்ல அது எல்லாருக்கும் தெரியும்.”

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அப்படியென்றால் ஏன் இப்படி ஆனது என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. மெதுவான ஓட்டம், குடிக்கத் தண்ணீர், பழகிய உடம்பு. நான் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உடம்பெல்லாம் உப்பும் மீன் வாடையும்.

நஜ்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கதவுக்கு இந்தப் பக்கமே செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். நான் எழுந்து, “ஒண்ணுமில்ல, பேசுறா, என்னத் தெரியுது அவளுக்கு” என்றேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். கட்டிலருகே போய் மகளின் நெற்றியில் கை வைத்தாள். ரிஸ்வானா கண்ணைத் திறந்து உம்மாவைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

நஜ்மா டாக்டரிடம் திரும்பினாள்.

“முந்தாநாள்லேந்து காய்ச்சல், டாக்டரம்மா. ராத்திரி சளி மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் போட்டுத்தான் படுத்தா. விடியக்காலம் இவரு மாடிக்குப் போயிருந்தப்ப இன்னொரு தடவ நான்தான் குடுத்தேன்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நஜ்மா என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்.

“இவருக்குத் தெரிஞ்சா ஓட விடமாட்டாரு. அதான் வாப்பாகிட்டச் சொல்லாதன்னு நான்தான் சொல்லிவச்சேன்.”